சி பதினான்கு

ஜூலை. லியெபாயாவில் இரவு பதினொன்றுக்கும்
வானம் விளக்கை அணைக்க மனமில்லாமல் இருந்தது.
டிராம் பணிமனையிலிருந்து வந்தவள்
கையில் கிரீஸ் போவதற்குள் கடிதத்தைத் திறந்தேன்.
புன்தா அரேனாஸிலிருந்து எலியாசர் ஒயார்சோ,
ஜலசந்தியில் ஓடும் படகொன்றின் மெக்கானிக்:
"அம்மணி, உங்கள் ரேடியோப் பலகை
என் கூரையில் பொய் சொல்கிறது."

கூடவே ஒரு படம்.
அலைவரிசைகள் நீலமாக வழிந்திறங்கும் திரை.
நீர்வீழ்ச்சி என்போம் அதை.
அந்த நீரை யாரோ சீப்பால் வாரியிருந்தார்கள்.
பல் பல்லாக, சம இடைவெளியில், மஞ்சள் கோடுகள்.
வானிலைச் செயற்கைக்கோளின் குரல்
இரண்டு பல்லுக்கு நடுவே
பேன் மாதிரி ஒளிந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்றது.
வரைபடம் முழுவதையும் ஊருக்குத் திறந்து வைத்தவள் நான்.
செம்புத்தடம் ஒவ்வொன்றும், துளை ஒவ்வொன்றும்,
எந்தக் கடையில் எது மலிவு என்பதும்.
யாரும் செய்யலாம், விற்கலாம்;
திருத்தினால் திருத்தத்தையும் திறந்து வை,
அவ்வளவுதான் நிபந்தனை.
தாராளமாக எழுதிவிட்டேன் அந்த வரியை,
யாராவது உண்மையிலேயே திருத்த வருவார்கள் என்று
நினைக்காமல்.

"பக்கத்து வீட்டு எல்இடி விளக்காக இருக்கும்," என்று பதில் போட்டேன்.
"சார்ஜரைப் பாருங்கள். கேபிளைப் பாருங்கள்."

பார்த்தார். மனிதர் எல்லாவற்றையும் பார்த்தார்.
வீட்டின் மெயினை அணைத்து, லாரி பேட்டரியில் ஓட்டி,
ஆடுகளும் காற்றும் தவிர ஒன்றுமில்லாத கரைக்குக்
கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார்.
"வீட்டுக்குள் நல்ல பிள்ளை.
வெளியே வைத்தால் பேய் பிடிக்கிறது.
பதில் தாமதம், மன்னிக்கவும்,
ஏணியில் பனி உறைந்துவிட்டது."

ஏணியில் பனி.
இரண்டு முறை படித்தேன்.
ஜன்னலில் கொசு. என் கழுத்தில் வியர்வை.
அவருக்கு அது நடுக்குளிர்காலம்.

பிஸ்கட் டப்பாவில் பலகையை வைத்து
ஃப்ரீசருக்குள் தள்ளினேன்,
உறைந்த கறுப்புத் திராட்சைக்கும்
விஸ்மாவின் ஐஸ்கிரீமுக்கும் நடுவில்.
கதவிடுக்கில் கேபிள்.
ஃப்ரிட்ஜின் மோட்டார் குறுக்கே உறுமியது;
அதன் பிளக்கையும் பிடுங்கினேன்.
நாற்பது நிமிடம்
சமையலறைத் தரையில், மடியில் கணினி.

முதல் பல் வந்தது.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு சீப்பு முழுக்க.
கத்திவிட்டேன், லாட்டரி விழுந்தவள் மாதிரி.
பதினான்காயிரம் கிலோமீட்டர் தாண்டி
என் தவறு என் வீட்டு முகவரிக்கே வந்து சேர்ந்தது.

சி பதினான்கு.
எள்ளளவு கெபாசிட்டர்.
இரண்டு சென்ட் குறைவென்று
நானேதான் பொறுக்கிப் போட்டேன்.
குளிரில் பாதிக்குமேல் சுருங்கிவிடும் ரகம்;
அது சுருங்கினால் மின்னழுத்தம் நிலைகொள்ளாது,
விநாடிக்கு ஆயிரமாயிரம் முறை உதறும்.
பொய்யா சொன்னது?
நடுங்கியிருக்கிறது, பாவம்,
அந்தக் கூரையில்.

பட்டியலில் ஒரே ஒரு வரி மாற்றினேன்.
கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.
"நான் எங்கே கண்டுபிடித்தேன், குறைதானே சொன்னேன்?"
என்று ஒயார்சோ கூச்சப்பட்டார்.
இருக்கட்டும், அந்த வரியை அழிக்கவில்லை.

ஆகஸ்டில் அவரிடமிருந்து ஒரு மேகம் வந்தது.
வரிவரியாகப் பிடித்தது.
கண்டத்தின் வால்நுனி, கீழே வெள்ளைச் சுழல்;
மேல் மூலை கிழிந்திருந்தது,
காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிட்டதாம்.
அதை அச்சிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.
உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமை
மணல் மணலாக இருக்கிறதென்று திட்டிக்கொண்டே
விஸ்மா தின்று தீர்த்தாள்.

நேற்று நுவாக்‌ஷோத்திலிருந்து யெஸ்லெம் என்பவர்:
"தகரக் கூரை. மதியம் பெட்டிக்குள் அறுபது டிகிரி.
உங்கள் பலகை தாங்குமா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.
விஸ்மா எழுந்து போய்
அதன் முன்னால் நின்றுகொண்டாள்.